மறைவிற் பிறக்கும் மாபெரும் விண்மீன்கள்

வானத்தைப் பற்றிய செய்தி அனைத்தையும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியே தருகின்றது என மனிதர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையை அசைத்தது 1800ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்த ஓர் எளிய சோதனை. வில்லியம் ஹேர்ஷெல் என்னும் வானியலறிஞர் ஞாயிற்றொளியை அரியத்தினூடாகச் செலுத்தி, விரிந்த நிறங்கள் ஒவ்வொன்றின் வெப்பத்தையும் அளந்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறிநின்றது. கண் காணாத அக்கதிர்களையே இன்று செங்கீழ்க்கதிர்கள் என்கின்றோம்.

விண்மீன்களின் பிறப்பை அறிதற்கு இக்கதிர்கள் இன்றியமையாதனவாயின. ஞாயிற்றைப் போல் 8 மடங்குக்கு மேற்பட்ட திணிவுடைய பெரு விண்மீன்கள், வாயுவும் தூசும் செறிந்த குளிர்ந்த முகில்களினுள் உருவாகின்றன. அவற்றின் ஒளியை விழுங்கும் தூசு, தான் சூடேறிச் செங்கீழ்க்கதிரை வெளிவிடுகின்றது. சாம்பல் மூடிய தணல் கண்ணுக்குத் தோன்றாவிடினும், நீட்டிய கைக்கு அதன் சூடு தெரிகின்றதன்றோ? 1967ஆம் ஆண்டில் பெக்லின், நொய்கேபாவர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஓரியன் வான்முகிலில் இத்தகைய மறைந்த இளம் விண்மீன் ஒன்றைக் கண்டமையை வெளியிட்டனர்.

ஆயின், நமது பால்வீதியில் இவ்வாய்வு எளிதன்று. நாமே அதனுள் இருப்பதனால் தூசு பார்வையை மறைக்கின்றது. ஒவ்வொரு விண்மீனின் தூரத்தையும் துணிதல் கடினமாகின்றது. தூரம் தெரியாவிடின் உண்மையான ஒளிர்வும் தெரியாது. காட்டின் நடுவே நிற்பவனிலும், எதிர்க்குன்றில் நின்று நோக்குபவனுக்கே காட்டின் அமைப்பு விளங்கும். ஆகவே அறிஞர் அயல் விண்மீன் மண்டலங்களை நாடினர்.

அவற்றுள் முதன்மையானது பெரிய மகலன் முகில். ஏறத்தாழ 160,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள இம்மண்டலத்தின் விண்மீன்கள் யாவும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரத்திலுள்ளனவெனக் கொள்ளலாம். மார்கழி நள்ளிரவில், விளக்கொளியற்ற இலங்கைத் தென்கரையிலிருந்து நோக்குவோர்க்கு, அடிவானத்துக்குச் சற்று மேலே மங்கலான வெண்படலமாக இது தோன்றும். 1981ஆம் ஆண்டில் பெக்லினும் அவருடன் ஆய்ந்தோரும் இங்கே ஒரு மறைந்த இளம் விண்மீனைக் கண்டனர். பால்வீதிக்கு அப்பால் இம்முறையிற் காணப்பட்ட முதல் இளம் விண்மீனாக அது அறிவிக்கப்பட்டது.

தடையொன்று எஞ்சியிருந்தது. செங்கீழ்க்கதிர்களிற் பெரும்பகுதியை வளிமண்டலத்து நீராவி உறிஞ்சுகின்றது. தொலைகாட்டியின் சொந்தச் சூடும் அதே கதிரை வீசுகின்றது. எனவே, குளிரூட்டிய கருவிகளை விண்வெளிக்கு அனுப்பலாயினர். 1983இல் ஐராஸ் என்னும் செய்மதி ஏறத்தாழ வான் முழுவதையும் துருவியது. 2003இல் ஏவப்பட்ட ஸ்பிற்சர் தொலைகாட்டியின் ஆடி 85 சென்ரிமீற்றர் அகலமே; எனினும் அது 2005இல் மகலன் முகிலை அளந்தபோது, இளம் விண்மீன்களெனக் கருதத்தக்கவை ஆயிரத்துக்கு மேல் வெளிப்பட்டன. தனித்தனிக் குழந்தைகளைத் தேடிய நிலை மாறி, குடிமதிப்பே எடுக்கத்தக்க காலம் பிறந்தது. 2021இல் ஏவப்பட்ட வெப் தொலைகாட்டி, 6.5 மீற்றர் ஆடியினால், முன்னர் ஒன்றெனத் தோன்றியவற்றையும் பிரித்துக் காட்ட வல்லது.

இம்முயற்சியின் பயன் யாது? மகலன் முகிலில் ஒக்சிசன், இரும்பு முதலிய பாரமான மூலகங்கள் ஞாயிற்றிலுள்ளதில் ஏறத்தாழப் பாதியளவே உள்ளன. பண்டைக்காலப் பிரபஞ்சமும் இம்மூலகங்கள் குறைந்ததாகவே இருந்தது. ஆகவே அங்குள்ள பிறப்பைக் காண்பது, நமது ஞாயிறு தோன்றுமுன் நிகழ்ந்தவற்றை அறிய ஒரு வழியாகும். நாம் மூச்சில் இழுக்கும் ஒக்சிசனின் பெரும்பகுதி, அவ்வாறு தோன்றி, சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து மறைந்த பெரு விண்மீன்களில் விளைந்ததே. ஒளியற்ற இடத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்த ஹேர்ஷெலின் செயல், மனிதனைத் தன் மூச்சின் பிறப்பிடம்வரை அழைத்துச் சென்றுள்ளது.