கனநீரின் வரலாறு

நீர் எங்கும் நீரே என்பது நம் எண்ணம். தாமிரபரணியாயினும் கங்கையாயினும் சுவை சிறிது மாறலாம்; பொருள் மாறுவதில்லை. கொல்கத்தாவின் தென்பகுதியில் குடியேறிய தமிழ் மக்கள் டாக்குரியா ஏரியை நன்கு அறிவார்கள். 1920-களில் சதுப்பு நிலத்தைத் தோண்டி அமைக்கப்பெற்று, 1958-இல் இரவீந்திர சரோவர் எனப் பெயர் பெற்ற ஏரி அது. அந்நீரை நுணுகி ஆராய்ந்தால், அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 6,500-க்கு ஒன்று இரு மடங்கு எடை உடையதாக இருக்கும். தூத்துக்குடிக் கடல்நீரிலும் கணக்கு ஏறக்குறைய இதுவே.

சாதாரண ஹைட்ரஜன் அணுவின் கருவில் ஒரு புரோட்டான் மட்டுமே உண்டு. அதனுடன் ஒரு நியூட்ரானும் சேர்ந்திருப்பின் அது டியூட்டிரியம். தனிமங்களின் அட்டவணையில் இரண்டுக்கும் இடம் ஒன்றே. ஆதலின் இவற்றை ஓரிடத்தான்கள் அல்லது ஐசோடோப்புகள் என்பர். டியூட்டிரியம் ஆக்ஸிஜனோடு கூடி உண்டாவது கனநீர். கண்ணுக்கு அது வெறும் தண்ணீரே. ஆனால் அதன் எடை நூற்றுக்குப் பதினொரு பங்கு மிகுதி. 3.8 டிகிரியிலேயே உறையும், 101.4 டிகிரியில்தான் கொதிக்கும். அதன் பனிக்கட்டி சாதாரண நீரில் மிதவாமல் மூழ்கிவிடும்.

1931-இல் அமெரிக்க விஞ்ஞானி ஹெரால்டு யூரே டியூட்டிரியத்தைக் கண்டறிந்தார். 1934-இல் நோபல் பரிசு பெற்றார். நீரில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் இலேசான ஹைட்ரஜன் முந்தி வெளியேறும்; கனமானது பின்தங்கும். இவ்வழியில் 1933-இல் கில்பர்ட் லூயிஸ் கனநீரைப் பிரித்தெடுத்தார். நீர்வீழ்ச்சி மின்சாரத்தால் உரம் செய்த நார்வே நாட்டின் வேமார்க் ஆலை, அடுத்த ஆண்டே அதனை விற்பனைக்கு உண்டாக்கத் தொடங்கிற்று.

விரைவில் அது போர்ப்பொருளும் ஆயிற்று. யுரேனியம் பிளவுபடும்போது பாயும் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க நீர் உதவும். ஆனால் சாதாரண நீர் அவற்றுள் பலவற்றை விழுங்கிவிடும். கனநீரோ விழுங்குவது மிகச் சிறிது. எனவே செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தைக் கொண்டே அணு உலையை இயக்கலாம். ஜெர்மானியர் கைக்கு அது எட்டாதிருக்க, 1943-இல் நார்வே வீரர்கள் வேமார்க் ஆலையின் கனநீர்க் கலங்களைத் தகர்த்தனர். 1944-இல் எஞ்சியதை ஏற்றிச் சென்ற படகையும் மூழ்கடித்தனர். அதில் பயணம் செய்த குடிமக்களும் மாண்டனர்.

செறிவூட்டும் வசதி அந்நாளில் இல்லாத நம் நாட்டுக்கு இந்த நீர் ஒரு வழியைத் திறந்தது. 1960-இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய சைரஸ் உலைக்குக் கனநீர் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1962-இல் பஞ்சாபின் நங்கலில், பக்ரா அணையின் மின்சாரம் பெற்ற உர ஆலையை ஒட்டி, நமது முதல் கனநீர் நிலையம் எழுந்தது. 1978-இல் தூத்துக்குடியிலும் உர ஆலையின் அருகே ஒன்று அமைந்தது. அங்கே அம்மோனியாவின் துணையால் டியூட்டிரியம் பிரிக்கப்பட்டது. 1983-இல் கல்பாக்கத்தின் முதல் உலை, கனநீரும் இயற்கை யுரேனியமும் கொண்டு இயங்கத் தொடங்கியது.

வயலுக்கு உரம் வடித்த ஆலைகளின் பக்கத்திலேயே, நார்வேயிலும் நங்கலிலும் தூத்துக்குடியிலும், இந்த நீர் பிறந்தது. கனநீருக்காக அமெரிக்காவை எதிர்பார்த்திருந்த நாடு, பிற்காலத்தில் அமெரிக்காவுக்கே அதனை ஏற்றுமதி செய்தது. ஒரு நியூட்ரானின் எடை சிறிதேயாயினும், அதனால் விளைந்த வேறுபாடு சிறிதன்று.