தண்ணீரில் கழுவிய புகை: ஹுக்காவின் கதை



உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் வாயிலிருந்து இரண்டு வசனங்களை இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறேன். ஒன்று: "ஷீஷா சிகரெட் மாதிரி இல்ல சேர், தண்ணிக்குள்ளால வடிஞ்சுதான் வருது." மற்றது: "அது அரபிகள்ட கலாசாரம்தானே, எங்கட ஆக்கள்ட சாமான்." ஊரில் பெற்றோர் சிலரும் இரண்டாவது வசனத்தைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே வரலாற்றுப் பாடத்துக்குள் வரும் விஷயங்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் பெயர்கள். 'ஹுக்கா' என்பது சிறு பெட்டி, சிமிழ் என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது. துருக்கியிலும் சிரியாவிலும் அதையே 'நர்கிலே' என்பார்கள். பாரசீகத்தில் 'நார்கீல்' என்றால் தேங்காய். சமஸ்கிருதத்து நாரிகேளம்தான் அங்கே போய் அப்படி ஆனது. ஆரம்பத்தில் தண்ணீர் ஊற்றும் பாத்திரமாக இருந்தது வெறும் சிரட்டைதான். பணக்காரர் கைக்குப் போன பிறகே அது கண்ணாடியாகவும் வெள்ளியாகவும் மாறியது. 'ஷீஷா' என்றால் பாரசீகத்தில் கண்ணாடி. உம்மம்மா எண்ணெய் ஊற்றி வைக்கிற 'சீசா' இருக்கிறதே, அதுவும் இதே சொல்தான். ஆக, பெயரில்கூடத் தனி அரபுச் சொந்தம் கிடையாது.

புகையிலைக்கு அந்தச் சொந்தம் இன்னும் தூரம். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492 இல் கொலம்பஸ் அங்கே கரையிறங்கும் வரை இந்தப் பக்கத்தில் யாருக்கும் அதைத் தெரியாது. ஸ்பானியரும் போர்த்துக்கேயரும்தான் அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஹிஜ்ரி 1000 என்பது கி.பி. 1591-92. புகையிலை முஸ்லிம் நாடுகளில் பரவியது ஏறத்தாழ அந்தக் காலத்தில். அதாவது நபி (ஸல்) அவர்களின் காலத்துக்குப் பின் ஆயிரம் வருடங்கள் எந்த அரபியும் புகையிலை பிடித்ததில்லை. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பாத மாதிரிப் பார்க்கிறார்கள்.

முகலாய அரசவைக்குப் புகையிலை வந்த கதையை, கொண்டுவந்தவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் அஸத் பேக். அக்பரின் தூதராகப் பீஜப்பூருக்குப் போனவர், 1604-05 அளவில் திரும்பும்போது புகையிலையும் கொண்டுவந்தார். அரசருக்குக் கொடுக்கும் சாமான் அல்லவா, குழாயை இரத்தினம் பதித்து அலங்கரித்தார். வாய் வைக்கும் நுனிக்கு யெமன் நாட்டு அகீக் கல், நெருப்பு வைக்கும் கிண்ணம் தங்கத்தில். அக்பர் ஒன்றிரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வைத்தியர் பதறிப் போனார். நமது நூல்களில் இல்லாத மருந்து, பரீட்சித்துப் பார்க்காமல் அரசர் எடுக்கக்கூடாது என்பது அவர் கட்சி. ஐரோப்பியரிடமும் அறிஞர்கள் இருக்கிறார்கள், எந்த வழக்கமும் ஒருநாள் புதிதாக இருந்ததுதான் என்பது அஸத் பேக்கின் கட்சி. வாதத்தில் அரசருக்குப் பிடித்தது அஸத் பேக்கின் பேச்சு. ஆனால் அக்பர் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளவில்லை. பிரபுக்கள்தான் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கே இன்னொரு கதையும் உலாவுகிறது. அக்பரின் வைத்தியர் ஹகீம் அபுல் பத்ஹ் கீலானி, புகையைத் தண்ணீருக்குள் விட்டால் அதன் கெடுதி நீங்கிவிடும் என்று சொல்லி ஹுக்காவைக் கண்டுபிடித்தாராம். பல இணையப் பக்கங்களில் இதை உறுதியாக எழுதியிருப்பார்கள். ஆண்டைப் பாருங்கள்: அந்த ஹகீம் 1589 இலேயே மௌத்தாகிவிட்டார். அஸத் பேக் புகையிலையோடு அரசவைக்கு வந்தது அதற்குப் பதினைந்து வருடங்கள் பிந்தி. தண்ணீர்க்குழாய் முதலில் வந்தது இந்தியாவிலா ஈரானிலா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கதை உண்மையோ இல்லையோ, அதற்குள் இருக்கும் நம்பிக்கை பழையது: தண்ணீர் புகையைக் கழுவும். எங்கள் பிள்ளை சொல்கிற முதல் வசனம் அந்தப் பழைய நம்பிக்கையேதான்.

அந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இந்த நம்பிக்கையின் பலம் தெரியும். மேலே மண் கிண்ணத்தில் புகையிலை, அதன்மேல் தணல். கிண்ணத்திலிருந்து இறங்கும் குழாயின் நுனி தண்ணீருக்குள் ஓர் அங்குலம் அளவு அமிழ்ந்திருக்கும். உறிஞ்சும் குழாயோ தண்ணீருக்கு மேலுள்ள வெற்றிடத்தில் பொருத்தப்பட்டிருக்கும். உறிஞ்சும்போது அந்த இடத்தில் அமுக்கம் குறைகிறது. வெளிவளி தணலுக்குள்ளால் இழுபட்டு, புகையையும் கொண்டு தண்ணீரில் குமிழியிட்டு மேலே வருகிறது. அந்தக் குடுகுடு சத்தம் இதுதான். தண்ணீர் புகையைக் குளிரவைக்கும், உண்மை. நிக்கொட்டினில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும், அதுவும் உண்மை. ஆனால் தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு தண்ணீரில் மிக அரிதாகவே கரையும், அது நேரே நெஞ்சுக்குள் போகும். குளிர்ந்த புகை தொண்டையைச் சுடாது. ஆகவே ஆழமாகவும் நெடுநேரமும் இழுக்கலாம். ஒரு மணித்தியால அமர்வில் உள்ளே போகும் புகையின் கனவளவு ஒரு சிகரெட்டைப் போல 100 முதல் 200 மடங்கு வரை இருக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2005 இல் எழுதியது. இது புகையின் அளவு மட்டும், நஞ்சும் அப்படியே 200 மடங்கு என்று யாரும் பெருக்கிச் சொல்லவேண்டாம். பிள்ளைகளிடம் மிகைப்படுத்தினால் அவர்கள் மிச்சத்தையும் நம்பமாட்டார்கள்.

அரசர்கள் இதைத் தடுக்கப் பார்க்காமலில்லை. அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617 இல் தடை போட்டார். ஈரானில் ஷா அப்பாஸும் போட்டார். ஜஹாங்கீர் அங்கே அனுப்பிய தூதர் கான் ஆலம் புகையிலை இல்லாமல் ஒரு பொழுது இருக்கமாட்டாத மனிதர், அவருக்கு மட்டும் ஷா விலக்குக் கொடுத்தாராம். துருக்கியில் சுல்தான் நான்காம் முராத் 1633 இல் இஸ்தான்பூல் பெருந்தீக்குப் பின் புகையிலையைத் தடைசெய்து, கோப்பிக் கடைகளையும் இடிப்பித்தார். மீறியவர்களுக்கு மரண தண்டனைகூடக் கிடைத்தது. அவர் இறந்து சில வருடங்களில், தானே புகை பிடிக்கிறவரான ஷெய்குல் இஸ்லாம் பஹாயி எபெந்தி ஆகும் என்று ஃபத்வா கொடுத்தார். உலமாக்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. எகிப்தின் இமாம் இப்ராஹீம் அல்லகானி புகையிலைக்கு எதிராக நூல் எழுதினார். டமஸ்கஸின் அப்துல் கனி அந்நாபுலுஸி அது கூடும் என்று நூல் எழுதினார். ஆனால் அன்று அவர்களிடம் இல்லாத மருத்துவ அறிவு இன்று எங்களிடம் இருக்கிறது.

தடைகள் தோற்றதற்கு ஒரு காரணம், ஹுக்கா தனியாகப் பிடிக்கும் சாமானாக இருக்கவில்லை. அது சபையின் சாமான். வட இந்தியக் கிராமங்களில் ஒருவரை ஊரை விட்டு ஒதுக்குவதை 'ஹுக்கா-பானி பந்த்' என்பார்கள்: அவரோடு ஹுக்காவும் இல்லை, தண்ணீரும் இல்லை. 18 ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் வெள்ளைக்காரத் துரைமாரும் இதில் விழுந்தார்கள். ஹுக்காவைப் பார்த்துக்கொள்ளவே 'ஹுக்காபர்தார்' என்று தனி வேலையாள். அடுத்த நூற்றாண்டில் சுருட்டு வந்ததும் துரைமார் அதைக் கைவிட்டார்கள்.

இனி, "எங்கட ஆக்கள்ட சாமான்" என்கிற பிள்ளைக்கு நான் முக்கியமாகச் சொல்லும் வரலாறு. 1890 மார்ச்சில் ஈரானின் நாசிருத்தீன் ஷா, நாட்டின் புகையிலை முழுவதையும் வாங்கவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் 50 வருட ஏகபோக உரிமையை மேஜர் டல்போட் என்ற ஆங்கிலேயருக்குக் கொடுத்தார். பதிலுக்கு ஷாவுக்கு வருடம் 15,000 பவுண், இலாபத்தில் காற்பங்கு. விதைத்த விவசாயியும் விற்ற வியாபாரியும் சொந்த நாட்டில் கூலியாகிற நிலை. ஷிராஸ், தப்ரீஸ், இஸ்பஹான் என்று ஊர் ஊராகக் கொதித்தது. 1891 டிசம்பரில், ஈராக்கின் ஸாமர்ராவில் இருந்த ஷீயா மார்க்கத் தலைவர் மிர்ஸா ஹஸன் ஷிராஸியின் பெயரில் ஃபத்வா வந்தது: புகையிலையை எந்த வடிவத்திலும் பாவிக்கக்கூடாது. நாடு முழுக்க ஹுக்காக்கள் அணைந்தன. ஷாவின் அந்தப்புரத்திலேயே பெண்கள் குழாய்களைத் தூக்கி வைத்துவிட்டார்கள், அரசருக்குத் தணல் போட்டுக் கொடுக்க ஆளில்லை. 1892 ஜனவரியில் ஒப்பந்தம் முழுதாக இரத்தானது. முஸ்லிம் நாடொன்று ஹுக்காவைக் கொண்டு அந்நியனைத் தோற்கடித்தது அதைக் கீழே வைத்த நாளில்தான். கணக்கையும் மறைக்கக்கூடாது: நட்டஈடாக 500,000 பவுண் கொடுக்க ஈரான் கடன் எடுத்தது. அந்நாட்டின் முதல் வெளிநாட்டுக் கடன் அது.

இன்று எங்கள் பிள்ளைகள் காணும் ஷீஷா அந்தப் பழைய ஹுக்காவும் அல்ல. அப்பிள், புதினா வாசத்தோடு வரும் 'முஅஸ்ஸல்' 1990 களில் எகிப்திலிருந்து பெரிதாகப் பரவியது. 'அஸல்' என்றால் தேன். புகையிலையைச் சீனிப்பாகிலும் கிளிசரினிலும் ஊறவைத்து, வாசம் சேர்த்து, ஈயத்தாள் மூடி மேலே கரிக்கட்டி வைப்பார்கள். அந்தக் கரிக்கட்டிகளில் பல சிரட்டைக்கரியில் செய்தவை, ஆரம்பத்துச் சிரட்டை இப்போது நெருப்பாகத் திரும்பி வந்திருக்கிறது. பழம் என்று நினைத்து இழுக்கிற பிள்ளைக்கு அந்தப் பொதியின் பின்பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். புகையிலை என்ற சொல் அங்கே இருந்தால், எங்கள் நாட்டின் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு அதை விற்க முடியாது. கடைக்காரருக்கும் அது தெரியும்.