காப்பியடிச்சு மாட்டின எழுத்தாளருக்கு என்னதான் ஆகும்?

காவ்யா விஸ்வநாதன் சென்னையில பிறந்தவங்க. சின்ன வயசுல ஸ்காட்லாந்து, அப்புறம் அமெரிக்காவின் நியூ ஜெர்சினு வளர்ந்தாங்க. ஸ்கூல் முடிக்கிற வயசிலேயே 'லிட்டில், பிரவுன்' என்ற பெரிய பதிப்பகம் ரெண்டு நாவல்களுக்கு அவங்களோட ஒப்பந்தம் போட்டுச்சு. தொகை சுமார் 5 லட்சம் டாலர்னு அப்போ செய்திகள் வந்தன. 2006 ஏப்ரலில் முதல் நாவல் வெளியானப்போ காவ்யாவுக்கு வயசு 19, ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவி. டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் சினிமா உரிமையையும் வாங்கிடுச்சு. எழுதணும்னு ஆசைப்படுற யாருக்கும் இது கனவு மாதிரியான தொடக்கம்.

அந்தக் கனவு ஒரு மாசம்கூட முழுசா நிக்கலை.

மேகன் மெக்காஃபெர்ட்டினு ஒரு அமெரிக்க எழுத்தாளர். டீன் ஏஜ் பொண்ணு ஒருத்தியைச் சுத்தி நடக்குற அவரோட நாவல்கள் 2001-லயும் 2003-லயும் வந்து நல்லா வித்தவை. அந்த நாவல்களை ரசிச்சுப் படிச்ச வாசகர் ஒருத்தர் காவ்யாவோட புக்கையும் படிச்சிருக்கார். 'இதை எங்கேயோ படிச்சிருக்கோமே'னு தோண, மெக்காஃபெர்ட்டிக்கே எழுதிட்டார். ஏப்ரல் 23-ம் தேதி ஹார்வர்டு மாணவர்கள் நடத்துற 'தி கிரிம்சன்' பத்திரிகை ரெண்டு எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு செய்தி வெளியிட்டது. காவ்யா படிக்கிற அதே காலேஜோட பேப்பர்! 13 இடங்கள்ல தொடங்கின கணக்கு, 40-க்கும் மேலன்னு போச்சு. பேர், இடம், ரெண்டு மூணு வார்த்தைகள் மாறியிருக்கும். வாக்கியத்தோட நடையும் ஜோக் விழுற இடமும் அப்படியே இருக்கும்.

ஏப்ரல் 27-ம் தேதி பதிப்பகம் கடைகள்ல இருந்த பிரதிகளைத் திரும்ப வாங்க ஆரம்பிச்சது. மே 2-ம் தேதி ஒப்பந்தமே ரத்து. திருத்தின பதிப்பும் கிடையாது, ரெண்டாவது நாவலும் கிடையாதுனு சொல்லிட்டாங்க. சினிமாவும் நின்னுபோச்சு. செய்தி வெளியான நாள்ல இருந்து எண்ணினா மொத்தம் 10 நாள் கூட ஆகலை.

வேணும்னு செய்யலை, ரொம்பப் பிடிச்சுத் திரும்பத் திரும்பப் படிச்ச புக் என்பதால தன்னை அறியாமலே உள்ளே தங்கிடுச்சுங்கிறதுதான் காவ்யா சொன்ன விளக்கம். மன்னிப்பும் கேட்டாங்க. இப்படி நடக்கவே நடக்காதுனு சொல்ல முடியாது. எப்போதோ கேட்ட ட்யூனைத் தானே போட்டதா நினைச்சுக்கிற மாதிரி, மறந்துபோன ஞாபகம் புது யோசனை வேஷத்துல வர்றதுக்கு உளவியல்ல 'கிரிப்டோம்னீசியா'னு பேரே இருக்கு. ஒண்ணு ரெண்டு வரின்னா நம்பலாம். 40 இடம்னா நம்புறது கஷ்டம்தான்.

ஆனா, இந்தக் கதையில பெரிய அடி எதுன்னு கேட்டா, பணமோ ஒப்பந்தமோ இல்லை. மெக்காஃபெர்ட்டி விவகாரம் வெளியானதும் அந்த நாவலை எல்லாரும் பூதக்கண்ணாடி வெச்சுப் படிக்க ஆரம்பிச்சாங்க. இந்த இடம் சோஃபி கின்செல்லா மாதிரி இருக்கு, அந்த இடம் சல்மான் ருஷ்டி மாதிரி இருக்குனு அடுத்தடுத்து பட்டியல் வந்துச்சு. அந்தப் புக்ல காவ்யா சொந்தமா எழுதின பக்கங்களும் நிச்சயம் இருந்திருக்கும். அமெரிக்காவுல வளர்ற இந்தியப் பொண்ணோட வீடு, அப்பா அம்மாவோட ஹார்வர்டு கனவு இதெல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்ச உலகம். ஆனா அதை ரசிச்சுப் படிக்க அப்போ யாரும் தயாரா இல்லை. சுட்ட வரி, சொந்த வரியையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடுச்சு.

இன்னொரு பக்கம், எழுத்தைப் பறிகொடுத்தவங்களைப் பத்தி நாம அதிகம் பேசுறதில்லை. மெக்காஃபெர்ட்டியோட அதே நாவல் வரிசையில மூணாவது புக் வந்ததும் அதே 2006-லதான். புதுப் புக்கைப் பத்திப் பேச வேண்டிய நேரத்துல, எல்லாரும் அவர்கிட்ட கேட்டது காவ்யாவைப் பத்தி. தனக்கு நஷ்டஈடு எதுவும் வேண்டாம்னு அவர் சொல்லிட்டார்.

சில சமயம் கூட வேலை செஞ்சவங்க தலையும் உருளும். 2003-ல நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜேசன் பிளேர், டெக்சாஸ்ல இருந்து வர்ற சான் அன்டோனியோ எக்ஸ்பிரஸ்-நியூஸ் பேப்பர் செய்தியைச் சுட்டு மாட்டினார். தோண்டிப் பார்த்தா, போகாத ஊருக்குப் போன மாதிரியும், பேசாத ஆளோட பேசின மாதிரியும் நிறைய எழுதியிருக்கார். மே மாசம் அவர் வேலையை விட்டார். ஜூன்ல அந்தப் பத்திரிகையோட முதல் ரெண்டு இடத்துல இருந்த ஆசிரியர்களும் ராஜினாமா செஞ்சாங்க.

போலீஸ், கோர்ட்டுனு போகுமா?

காவ்யா விஷயம் கோர்ட்டுக்கே போகலை. பெரும்பாலும் அப்படித்தான். எழுத்துத் திருட்டும் காப்பிரைட் மீறலும் வேற வேற. சங்கப் பாட்டு ஒண்ணைப் போட்டு, கீழே உங்க பேரை எழுதி இன்ஸ்டாவுல போட்டா, காப்பிரைட் வழக்கு வராது. அதுக்குக் காப்பிரைட்டே கிடையாது. ஆனா அது திருட்டு இல்லைனு ஆயிடுமா? கமென்ட்ல வர்ற முதல் தமிழ் வாத்தியாரே சொல்லிடுவார்.

இப்போ எழுதிக்கிட்டு இருக்கவங்க எழுத்துன்னா சட்டம் உள்ளே வரும். இந்தியாவில் 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடிச்ச நிமிஷமே உரிமை எழுதினவருக்கு வந்துடும். பதிவு பண்ணியிருக்கணும்னு கட்டாயம் இல்லை. எழுதினவர் காலம் முழுக்க, அதுக்கப்புறம் 60 வருஷம் வரைக்கும் அந்த உரிமை நிக்கும். தெரிஞ்சே மீறினா 63-வது பிரிவுப்படி 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாயில இருந்து 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யலைனா கோர்ட் இதைக் குறைக்கலாம். 57-வது பிரிவு இன்னும் சுவாரஸ்யமானது. உரிமையை வேற யாருக்கோ வித்துட்டாலும், 'இதை எழுதினது நான்தான்'னு சொல்லிக்கிற உரிமை எழுத்தாளரைவிட்டுப் போகாது.

'அப்போ ஒரே மாதிரி கதை யோசிச்சா தப்பா?'னு கேட்பீங்க. இல்லை. 1956-ல வந்த 'நியூ டெல்லி' இந்திப் படத்துல பஞ்சாபிப் பையனும் தமிழ்ப் பொண்ணும் காதலிப்பாங்க. இது தன்னோட நாடகத்துக் கதைனு ஆர்.ஜி.ஆனந்த் வழக்கு போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1978-ல தீர்ப்பு வந்துச்சு. கருவுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் காப்பிரைட்னு சொல்லி அவர் தரப்பை நிராகரிச்சது கோர்ட். அதனால ரெண்டு ஊர்க் காதலை நீங்களும் தாராளமா எழுதலாம்.

பிஹெச்.டி பண்றவங்களுக்கு விதிகள் இன்னும் கறார். யுஜிசி 2018-ல கொண்டு வந்த ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டுல 10 சதவிகிதம் வரை ஒற்றுமை இருந்தா தண்டனை இல்லை. அதுக்கு மேல 40 வரைன்னா 6 மாசத்துக்குள்ள திருத்திக் கொடுக்கணும். 40-ல இருந்து 60 வரைன்னா ஒரு வருஷத்துக்குத் திருத்தியும் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினா பதிவே ரத்து. ஏஐ-கிட்ட கொடுத்து வார்த்தையை மாத்திட்டா தப்பிச்சுடலாம்னு ஒரு நினைப்பு சுத்துது. மெஷின் கண்டுபிடிக்காம விடலாம். காவ்யாவைக் கண்டுபிடிச்சது மெஷின் இல்லை, அந்தப் புக்கை நேசிச்ச வாசகர்.

திரும்ப வர முடியுமா?

சிலர் வந்திருக்காங்க. வரலாற்றாசிரியர் டோரிஸ் கியர்ன்ஸ் குட்வின் 1987-ல எழுதின கென்னடி குடும்ப வரலாற்றுல, லின் மெக்டகார்ட் எழுத்து சரியான குறிப்பு இல்லாம கலந்திருந்தது. சத்தமில்லாமப் பேசி முடிச்ச அந்த விஷயம் 2002-ல வெளிய வந்துச்சு. புலிட்சர் பரிசுக் குழுவுல இருந்து அவர் விலக வேண்டியதாச்சு, டிவி வாய்ப்பும் போச்சு. மிச்சமிருந்த பிரதிகளை அழிக்கச் சொல்லி அவரே பதிப்பகத்துகிட்ட கேட்டார். மூணு வருஷம் கழிச்சு ஆபிரகாம் லிங்கன் பத்தி அவர் எழுதின புக் பெரிய ஹிட். ஸ்பீல்பெர்க்கோட 'லிங்கன்' படத்துக்கும் அதுல இருந்து ஒரு பகுதியை எடுத்துக்கிட்டாங்க.

குட்வினுக்குக் கிடைச்ச ரெண்டாவது வாய்ப்பு காவ்யாவுக்கு ஏன் கிடைக்கலை? என் கணக்குல இதுல நியாயம் குறைவு. குட்வின் அதுக்கு முன்னாடியே புலிட்சர் பரிசு வாங்கினவர். சந்தேகம் வந்தப்போ எடுத்துக்காட்ட அவர்கிட்ட மத்த புக்ஸ் இருந்துச்சு. 19 வயசுப் பொண்ணுகிட்ட இருந்தது அந்த ஒரே ஒரு புக். காவ்யா ஹார்வர்டு படிப்பை முடிச்சு, அப்புறம் சட்டம் படிக்கப் போனாங்க.

தப்பு எப்படி நடந்துச்சுங்கிறதுக்கு குட்வின் சொன்ன காரணம், எழுதப் பழகுறவங்க கவனிக்க வேண்டியது. படிச்ச புக்ல இருந்து கையால குறிப்பெடுக்கும்போது, அடுத்தவர் வாக்கியமும் தன் கருத்தும் ஒரே பேப்பர்ல கலந்துபோச்சாம். அதுக்கப்புறம் அவர் பழக்கத்தையே மாத்திட்டார். மேற்கோளுக்கு வேணும்கிற பகுதியை ஸ்கேன் பண்ணி வெச்சுக்குவார், தன் குறிப்புகளுக்குத் தனி ஃபைல். நம்ம போன்ல இது இன்னும் சுலபம். பிடிச்ச வரியை நோட்ஸ்ல பேஸ்ட் பண்ணும்போதே யார் எழுதினது, எந்தப் புக், எந்தப் பக்கம்னு சேர்த்துப் போட்டுடுங்க. ஆறு மாசம் கழிச்சுத் திறந்து பார்க்கும்போது பேர் இல்லாத ஒரு நல்ல வரி இருந்தா, அது நீங்க எழுதினதுனுதான் தோணும்.