மணிசங்கர் அய்யர்

மணிசங்கர் அய்யர் (பிறப்பு: ஏப்ரல் 10, 1941) இந்திய வெளியுறவுப் பணியில் கால் நூற்றாண்டு இருந்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். மயிலாடுதுறையிலிருந்து மூன்று முறை மக்களவைக்குத் தேர்வானவர், முன்னாள் மத்திய அமைச்சர், நூலாசிரியர். வாய்த்துடுக்கால் செய்தியில் அடிபட்ட அளவுக்கு, உள்ளாட்சிக்காக அவர் பார்த்த வேலை பேசப்பட்டதில்லை.

பட்டயக் கணக்காளரான தந்தைக்கு லாகூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. பிரிவினை குடும்பத்தை இந்தியப் பக்கம் கொண்டுவந்தது. பன்னிரண்டாம் வயதில் விமான விபத்தில் தந்தையை இழந்தார். டேராடூனின் டூன் பள்ளி, டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி, கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹால் ஆகியவற்றில் படித்தார். பத்திரிகையாளர் சுவாமிநாதன் அங்கலேசாரியா அய்யர் இவருடைய தம்பி.

1963இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து பிரஸ்ஸல்ஸ், ஹனோய், பாக்தாத் நகரங்களில் வேலை பார்த்தார். அவருடைய சிந்தனையைத் தீர்மானித்தது கராச்சிதான். 1978இல் அங்கே இந்தியாவின் முதல் தலைமைத் துணைத் தூதராகப் போய் 1982 வரை இருந்தார். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் குடிபெயர்ந்தவர்கள் நிறைந்த ஊர் அது. இந்தப் பக்கம் அக்காளோ மாமனோ இருக்கும் ஆட்கள் விசாவுக்கு வந்து நிற்பார்கள். பாகிஸ்தானோடு பேச்சுவார்த்தையை எக்காரணம் கொண்டும் முறிக்கக் கூடாது என்று பிற்காலத்தில் அவர் பிடிவாதமாகச் சொன்னதன் வேர் இங்கே இருக்கிறது. அந்தப் பிடிவாதம் ஓட்டு வாங்கித் தரும் சரக்கல்ல. தெரிந்தேதான் பேசினார்.

1985 முதல் பிரதமர் அலுவலகத்தில் ராஜீவ் காந்திக்கு உதவியாக இருந்து உரைகளும் எழுதிக் கொடுத்தார். 1989இல் அரசுப் பணியை உதறினார். அந்த ஆண்டே காங்கிரஸ் ஆட்சியை இழந்தது.

1991இல் மயிலாடுதுறையில் போட்டியிட்டு வென்றார். ராஜீவ் கொலைக்குப் பின் நடந்த அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளையும் அள்ளியது. 1996, 1998 தேர்தல்களில் மூப்பனாரின் த.மா.கா. அவரை வீழ்த்தியது. 1999இல் அ.தி.மு.க. துணையோடும் 2004இல் தி.மு.க. துணையோடும் மீண்டும் வென்றார். 2009இல் அ.தி.மு.க.வின் ஓ.எஸ். மணியனிடம் தோற்றார். 2014இல் காங்கிரஸ் தனித்து நின்றபோதும் தோல்விதான். அவருடைய வெற்றி தோல்வியில் கூட்டணிக் கணக்குக்கே பெரும் பங்கு. 2010 முதல் 2016 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார்.

2004 மே மாதம் பெட்ரோலியத் துறையும் புதிதாக உருவான பஞ்சாயத்து ராஜ் அமைச்சகமும் அவரிடம் வந்தன. ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியே எரிவாயுக் குழாய் கொண்டுவரும் திட்டத்தில் முனைப்பாக இருந்தவரிடமிருந்து 2006 ஜனவரியில் பெட்ரோலியம் பறிக்கப்பட்டு முரளி தேவ்ராவிடம் போனது. விளையாட்டுத் துறையும் வடகிழக்கு மாநில வளர்ச்சியும் பின்னால் சேர்ந்தன. பஞ்சாயத்து ராஜ் மட்டும் 2009 வரை கைவிட்டுப் போகவில்லை.

அதற்குப் பின்னணி உண்டு. ராஜீவ் அரசு 1989இல் கொண்டுவந்த உள்ளாட்சி மசோதாக்கள் மாநிலங்களவையில் தோற்றன. நரசிம்மராவ் காலத்தில் 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்களாக நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்பவை கட்டாயமாயின. ஆனால் தேர்தல் நடத்துவது வேறு, அதிகாரம் கொடுப்பது வேறு. வேலையைப் பஞ்சாயத்திடம் தள்ளிவிட்டு, பணத்தையும் ஆட்களையும் மாநிலத் துறைகள் தம்மிடமே வைத்துக்கொண்டன. அமைச்சரான சில மாதங்களில் கொல்கத்தாவில் தொடங்கி ஜெய்ப்பூர் வரை ஏழு வட்டமேசை மாநாடுகள் கூட்டி, எந்த வேலை எந்த அடுக்குக்கு, அதற்கான நிதி எது, பணியாளர் யார் என்று மாநில அமைச்சர்களுடன் வரையறுக்க முயன்றார். இசைவு கிடைத்தது, செயல்பட்டது குறைவு. 2013இல் அவர் தலைமையிலான நிபுணர் குழுவின் அறிக்கையும் இதே குறையைத்தான் அலசியது. தமிழ்நாட்டிலேயே 2016இல் நடக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல், புதிதாகப் பிரிந்த தென்காசி உள்ளிட்ட மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் நடந்தது.

சர்ச்சைகளுக்குக் குறைவில்லை. 2004இல் அந்தமான் செல்லுலார் சிறை வளாகத்தில் சாவர்க்கர் வாசகப் பலகை அகற்றப்பட்டது நாடாளுமன்றத்தையே முடக்கியது. 2010 காமன்வெல்த் போட்டிகள் வெற்றி பெற்றால் தனக்கு வருத்தமே என்றார், அதுவும் விளையாட்டுத் துறையைக் கவனித்தவர். 2017 டிசம்பரில், குஜராத் தேர்தல் நடக்கும் நேரத்தில், பிரதமர் மோடியைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லுக்காகக் கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. அடுத்த ஆகஸ்டில் நீக்கம் ரத்தானது. ராஜதந்திரிக்கு அடக்கம் அழகு என்பார்கள்; இவரிடம் அது ஒட்டவில்லை.

எழுத்து இடைவிடாமல் நடந்தது, எல்லாம் ஆங்கிலத்தில். பத்திரிகைப் பத்திகளோடு, பாகிஸ்தான் அனுபவங்களும் மதச்சார்பின்மைக்கான வாதமும் நூல்களாயின. 2004இல் வந்த ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ செக்யூலர் ஃபண்டமென்டலிஸ்ட்’ பரவலாக அறியப்பட்டது. எண்பதைத் தாண்டிய பிறகு தன்வரலாற்றுக்கு வந்தார். 1941 முதல் 1991 வரையிலான பாகம் ‘மெமாயர்ஸ் ஆஃப் எ மேவரிக்’ 2023இல் வெளியானது. ராஜீவைப் பற்றிய தனி நூலும், அரசியல் ஆண்டுகளைச் சொல்லும் ‘எ மேவரிக் இன் பாலிடிக்ஸ்’ நூலும் 2024இல் வந்தன.