பொற்பற்பமும் நுண்டுணிக்கை மருந்தும்

பொன்னை மூலிகைச் சாற்றில் அரைத்து, வில்லை தட்டி உலர்த்தி, அகலில் இட்டுச் சீலைமண் செய்து, எருவறட்டியிற் புடமிட்டுப் பற்பமாக்கும் முறை சித்த வைத்தியர் நெடுங்காலமாகக் கையாண்டு வருவதொன்றாகும். அத்தகைய பற்பங்களை அண்மைக்காலத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கிய ஆய்வாளர், அவற்றிலே நனோமீற்றர் அளவினவான பொற்றுணிக்கைகள் உளவெனக் கண்டனர். நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் 100 கோடியில் ஒரு பங்கு. இதுகொண்டு, மேனாட்டார் இன்று புற்றுநோய்க்கென ஆராயும் நுண்மருந்தை நம் சித்தர் அன்றே கண்டுவிட்டனர் என்பாரும் உளர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை வரலாறு கொண்டே துணிதல் வேண்டும்.

1857இல் மைக்கேல் பரடே பொன்னுப்புக் கரைசலைப் பொசுபரசினாற் தாழ்த்தி, மாணிக்கம் போன்ற செந்நிறத் திரவத்தைப் பெற்றார். கண்ணுக்குப் புலனாகாத பொற்றுணிக்கைகளே அந்நிறத்துக்குக் காரணம் என அவர் உணர்ந்தார். எனினும் அவர் ஆராய்ந்தது ஒளியின் இயல்பையேயன்றி மருந்தையன்று. உடலுக்குத் தீங்கு செய்யாது நோயை மாத்திரம் சென்று தாக்கும் மருந்து வேண்டும் என்னும் கருத்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானிய அறிஞர் போல் ஏளிக்கினால் வலியுறுத்தப்பெற்றது. இவ்விரு நெறிகளும் ஒன்றுகூட நெடுநாட் சென்றது.

டொக்சோரூபிசின் என்னும் மருந்து புற்றுக்கலங்களை அழிக்கும், இதயத்தையும் நலிவிக்கும். 1960களில் பாங்கம் என்பார் ஆராய்ந்த கொழுப்புநுண்குமிழிகளுள் அம்மருந்தை அடைக்கும் வழியை பாரென்கோல்சு, கபிசொன் என்னும் இசுரவேல் அறிஞர் வகுத்தனர். 1995இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கிற்று. புற்றுக்கட்டியின் குருதிக்கலன்கள் ஒழுக்குடையனவாதலின் பெருமூலக்கூறுகள் அவ்வழியே புகுந்து தங்கும் என யப்பானிய அறிஞர் 1986இற் கூறியிருந்தமை இத்துறைக்குப் பெரும் ஊக்கமளித்தது. இதயத்துக்கு விளையும் கேடு குறைந்தது உண்மையே.

ஆயினும் எதிர்பார்ப்பு முழுவதும் நிறைவேறவில்லை. பத்தாண்டு ஆய்வேடுகளைத் தொகுத்து நோக்கிய தொறொன்ரோ அறிஞர், விலங்குகளிற் செலுத்திய துணிக்கைகளுள் கட்டியை அடைவன இடைநிலை அளவில் 0.7 வீதமே என 2016இல் வெளியிட்டனர். இதனினும் கருதத்தக்கது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தாரின் 2019ஆம் ஆண்டு ஆய்வு. பொன், சிலிக்கா, தைத்தேனியவொட்சைட்டு ஆகியவற்றின் நுண்டுணிக்கைகள் குருதிக்கலன் சுவரின் இடைவெளிகளை அகலச்செய்து, எலிகளில் மார்புப் புற்றுக்கலங்கள் பரவுதலை விரைவுபடுத்தின என்பதே அதன் முடிபு. கலத்தின் போக்கை மாற்றும் பொருள் எத்திசையிலும் மாற்றவல்லது போலும்.

ஆதலின் பற்பத்துக்கும் நுண்மருந்துக்கும் உள்ள ஒப்புமை அளவு பற்றியதே. துணிக்கை எங்குச் செல்லும், எவ்வளவு தங்கும், எக்கலத்தை என்செய்யும் என்னும் வினாக்கள் புடமிடுவோர் எழுப்பியவை அல்ல. இவ்வாறு கூறுதல் சித்தர்க்கு இழுக்கன்று. அவர் கூறாததை அவர்மேல் ஏற்றுதலே இழுக்கு.

கிளிநொச்சியைச் சார்ந்த அக்கராயன் முதலிய குளக்கரை ஊர்களில் இது வெறும் ஏட்டு வாதமன்று. 2013இல் தெல்லிப்பழையிற் புற்றுநோய் மருத்துவமனை அமையுமுன் வடபுல நோயாளர் பலர் மகரகமைவரை செல்ல நேர்ந்தது. தெல்லிப்பழைக்கும் ஆனையிறவு வழியாகவோ சங்குப்பிட்டிப் பாலம் வழியாகவோ கடனீரேரியைக் கடந்தே செல்லல் வேண்டும். கட்டி சிறிதாயும் நோவற்றும் இருக்கையில், அருகிற் கிடைக்கும் பற்பத்தை நம்பிப் பயணத்தைச் சில திங்கள் ஒத்திவைத்தல் எளிது. மருத்துவர் அறுத்தெடுக்கத்தக்க காலமும் பெரும்பாலும் அத்திங்கள்களே.