காளியாற்றுப் பாலமும் ஊர்ப்பெயர் எழுத்துப்பெயர்ப்பும்

உத்தராகண்டத்தின் பித்தோராகட் மாவட்டத்தில், இந்தியாவையும் நேபாளத்தையும் பிரிக்கும் காளியாற்றின்மேல் நடந்து செல்வோருக்கான தொங்குபாலம் ஒன்றுள்ளது. அதன் இரு கரைகளிலும் உள்ள ஊர்கள் ஒரே பெயரின் இரு வடிவங்களைக் கொண்டுள்ளன. நாகரி எழுத்தில் இந்திய ஊரின் பெயர் மூச்சொலியுடைய தகரத்தில் தொடங்கி நெடில் ஊகாரம் பெறுகிறது. நேபாள ஊரின் பெயர் மூச்சொலியற்ற தகரத்தில் தொடங்கிக் குறில் உகரம் பெறுகிறது. தமிழில் இவை முறையே தார்ச்சூலா, தார்ச்சுலா என அமையும். இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. தமிழெழுத்து காட்டவல்ல உகர, ஊகார வேறுபாடு நேபாளிப் பேச்சில் பொருள் வேறுபடுத்துவதன்று. வெறும் எழுத்து மரபே. இந்தி, நேபாளி இரண்டிலும் பொருள் வேறுபடுத்தும் மூச்சொலியோ தமிழெழுத்தில் மறைந்துவிடுகிறது.

பெயர் இரண்டானாலும் மக்கள் இரண்டாகவில்லை. 1815இல் கையெழுத்தாகி 1816இல் உறுதிசெய்யப்பட்ட சுகௌலி உடன்படிக்கை காளியாற்றை எல்லையாக்கியது. அதன் மேற்கிலுள்ள நிலத்தின்மீதான உரிமையை நேபாள மன்னர் கைவிட்டார். ஆனால், திபெத்தோ-பர்மியக் குடும்பத்தைச் சார்ந்த பியாங்சி மொழியைப் பேசும் சிற்றூர்கள் எல்லையின் இருபுறமும் உள்ளன. கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வில், 1909இல் வெளியான மூன்றாம் தொகுதியின் முதற்பகுதியில், இம்மொழி இடம்பெற்றுள்ளது. நேபாளத்தின் திங்கர், சாங்ரு ஊரார் குளிர்காலத்தில் தார்ச்சுலாவுக்கு இறங்குவர். இந்தியப் பியான்சு மக்கள் எதிர்க்கரைக்கு இறங்குவர். இடையே இருப்பது பாலம் மட்டுமே.

மொழிபெயர்ப்பாளருக்கு ஊர்ப்பெயரினும் ஆற்றின் பெயர் கடினமானது. மலைப்பகுதியில் இந்திய வழக்கு காளி, நேபாள வழக்கு மகாகாளி, சமவெளியில் சாரதா. 1996ஆம் ஆண்டு உடன்படிக்கையின் தலைப்பிலேயே ஆறு மகாகாளி எனவும் கதவணை சாரதா எனவும் குறிக்கப்படுகின்றன. சீர்மை கருதி இவற்றை ஒன்றாக்குவது பிழை. சுகௌலி உடன்படிக்கை சுட்டும் காளி எவ்வோடை என்பதே இன்றுவரை தீராத வழக்கு. லிம்பியாதுராவிலிருந்து வருவதே காளி என்பது நேபாளத்தின் நிலை. காலாபானி ஊற்றுகளிலிருந்து வருவதே என்பது இந்தியாவின் நிலை. 2020 மே மாதம் நேபாளம் வெளியிட்ட நாட்டுப்படம் முன்னதையே எல்லையாகக் காட்டியது. காலாபானி என்னும் இடப்பெயரின் முற்பகுதி ‘கரிய’ எனப் பொருள்படும். ‘பானி’ என்பது நீர். இதனைக் காளியெனும் தெய்வப்பெயருடன் மயங்கிக் ‘காளிபானி’ என எழுதினால், மொழிபெயர்ப்பே ஒரு தரப்புக்குச் சான்று கூறியதாகிவிடும்.

2022 சனவரியில் தார்ச்சூலாவில் புதிய பாலம் கட்டுவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்திற்கு இந்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அது தொடர்பான ஆவணங்களைத் தமிழாக்குவோர் முதல் வழக்கிலேயே நாட்டுப்பெயரையும் சேர்த்து, இந்தியத் தார்ச்சூலா, நேபாளத் தார்ச்சுலா என எழுதுவது தகும்.