சாந்தோம் போர்த்துக்கீசியக் குடியேற்றம்

சாந்தோம் போர்த்துக்கீசியக் குடியேற்றம் என்பது கி.பி. 16ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையில், இன்றைய சென்னையின் மயிலாப்பூர்ப் பகுதியில், போர்த்துக்கீசியர் அமைத்த நகரம் ஆகும். போர்த்துக்கீசிய மொழியில் இது "சாவோ தோமே டி மெலியாபோர்" என அழைக்கப்பட்டது. சென்னையின் வரலாறு பொதுவாக 1639இல் ஆங்கிலேயர் நிலம் பெற்றதிலிருந்து தொடங்குவதாகக் கூறப்படினும், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இந்நகரம் உருவாகியிருந்தது.

கடற்பயணங்கள்

வாஸ்கோ ட காமா 1497 சூலை 8இல் நான்கு கப்பல்களுடன் லிஸ்பனிலிருந்து புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 1498 மே 20இல் கோழிக்கோட்டை அடைந்தார். 1499இல் நாடு திரும்பியபோது எஞ்சியவை இரண்டு கப்பல்களே. 1502இல் இரண்டாம் முறையாகவும், 1524இல் அரசப் பிரதிநிதியாக மூன்றாம் முறையாகவும் இந்தியா வந்த அவர், அவ்வாண்டு திசம்பர் 24இல் கொச்சியில் காலமானார். அவருடைய பயணங்கள் இந்தியாவின் மேற்குக் கரையோடு நின்றன.

போர்த்துக்கீசியரைக் கிழக்குக் கரைக்கு இழுத்தது மலாக்காவாகும். 1511இல் அபோன்சோ டி அல்புகெர்க்கே அத்துறைமுகத்தைக் கைப்பற்றினார். கீழைத்தீவுகளின் நறுமணப் பொருட்களுக்கு ஈடாகச் சோழமண்டலத்துப் பருத்தித் துணிகளே அங்கு பெரிதும் விரும்பப்பட்டன. 1517இல் மலாக்காவிலிருந்து திரும்பிய தியோகோ பெர்னாண்டஸ் உள்ளிட்ட போர்த்துக்கீசியர் சிலர் பழவேற்காட்டில் இறங்கி, அர்மீனிய வணிகர்களின் துணையுடன் மயிலாப்பூரை அடைந்தனர்.

கல்லறையும் அகழ்வும்

இயேசுவின் சீடரான புனித தோமா மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது பழைய நம்பிக்கை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோவும் இக்கல்லறை பற்றி எழுதியுள்ளார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாழடைந்திருந்த இக்கோயிலை ஏழை இசுலாமியர் ஒருவர் பிச்சையெடுத்து விளக்கேற்றிப் பராமரித்து வந்ததாகத் துவார்த்தே பார்போசா குறிப்பிடுகிறார்.

1523இல் ஆளுநர் துவார்த்தே டி மெனெசெசின் ஆணைப்படி கல்லறை அகழப்பட்டது. எலும்புகளும் ஈட்டியின் இரும்பு முனையும் மண் நிறைந்த கலமும் கிடைத்ததாகப் பின்னர் பதிவான வாக்குமூலங்கள் கூறுகின்றன. எனினும், தோமாவின் எச்சங்கள் பண்டைக் காலத்திலேயே எடெசாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவை அடைந்தன என்ற மரபும் உண்டு. எனவே அகழ்வில் கிடைத்தவை யாருடையவை என்பது வரலாற்று முறையில் நிறுவப்படவில்லை.

நகரின் வளர்ச்சி

அகழ்வுக்குப் பின்னர் கல்லறையைச் சுற்றி வணிகர்களும் ஓய்வுபெற்ற படைவீரர்களும் குடியேறினர். இவர்களுள் பலர் இப்பகுதியிலேயே மணம் செய்துகொண்டனர். கோவா அரசின் பிடி இங்கு தளர்வாகவே இருந்ததால், தனியார் வணிகமே ஓங்கியது. பிரான்சிசு சேவியர் 1545இல் மலாக்கா செல்லுமுன் சில மாதங்கள் இங்கு தங்கினார். 1606இல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டமானது.

வீழ்ச்சி

1550களின் இறுதியில் விசயநகரத்தின் இராமராயர் படையெடுத்து வந்து இந்நகரிடம் பெருந்தொகை பெற்றார். 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் ஒல்லாந்தரும், வடக்கே சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரும் போட்டியாளர்களாயினர். 1662இல் கோல்கொண்டா சுல்தானகம் சாந்தோமைக் கைப்பற்றியது. 1672இல் பிரெஞ்சுக்காரர் வென்ற இந்நகரை, 1674இல் கோல்கொண்டாவும் ஒல்லாந்தரும் மீட்டனர். அதன்பின் அரண்கள் இடிக்கப்பட்டன. 1749இல் ஆங்கிலேயர் சாந்தோமைத் தம் ஆட்சியுடன் இணைத்தனர்.

கபாலீசுவரர் கோயில்

பழைய கபாலீசுவரர் கோயில் கடற்கரையில் இருந்தது என்பது பரவலான கருத்து. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதரின் பாடல் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. சாந்தோம் தேவாலய வளாகத்தில் கோயில் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்துள்ளன. பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் இடித்தனர் என்று ஒரு சாராரும், கடல் அரிப்பால் அழிந்தது என்று மற்றொரு சாராரும் கருதுகின்றனர். தற்போதைய கோயில் உட்புறமாகத் தள்ளி, பின்னர் கட்டப்பட்டதாகும்.

எச்சங்கள்

* சாந்தோம் பேராலயம்: போர்த்துக்கீசியர் கட்டிய தேவாலயம் அகற்றப்பட்டு, தற்போதைய கட்டிடம் 1896இல் நிறைவுற்றது.
* லஸ் தேவாலயம்: இங்குள்ள கல்வெட்டு 1516 எனக் குறிக்கிறது. இது 1517ஆம் ஆண்டு வருகைக்கு முந்தியதாக இருப்பதால், இவ்வாண்டை ஆய்வாளர் அனைவரும் ஏற்பதில்லை. இது காட்டுக்கோயில் எனவும் வழங்கப்பட்டது.
* பறங்கிமலை: 1547இல் இங்கு பகலவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை கண்டெடுக்கப்பட்டது. பறங்கியர் என்பது போர்த்துக்கீசியரைக் குறித்த சொல்லாகும்.
* சொற்கள்: போர்த்துக்கீசியருடனான தொடர்பால் சன்னல், சாவி, அலமாரி, மேசை, ஏலம், பாதிரி முதலியவை தமிழில் கலந்தன.